சைட், காடு, குடோன்: வெள்ளகோவிலில் முதல் நிலம் வாங்குவோருக்கு

"பத்து லட்சத்துக்கு வாங்குன சைட்டுங்க, ஆறு வருசத்துல இருபதுக்குக் கேக்கறாங்க." காங்கயத்திலிருந்து கரூர் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். பக்கத்தில் இருப்பவர் ரெட்டிப்பாகிவிட்டதே என்று மலைப்பார். முதல் முறையாக நிலத்தில் பணம் போட நினைக்கும் இளைஞர்கள் பலருக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் பாடப் புத்தகம்.

அந்தக் கணக்கை விரித்துப் பார்க்கலாம். பத்து லட்சத்தையும் பத்திரத்தில் காட்டி வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், பத்திர எழுத்தர் கூலி, பட்டா மாறுதல், கல் நட்ட செலவு எல்லாம் சேர்த்தால் அடக்கம் ஏறக்குறைய 11 லட்சம். இருபதுக்கு விற்கும்போது மறுபடியும் கமிஷன். லாபத்தில் 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி. கடைசியில் கையில் நிற்பது 18.7 லட்சம் போல. ஆறு ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 9 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மோசமில்லை, ஆனால் மலைக்கும்படியாகவும் இல்லை. அதே இருபது லட்சம் பத்தாவது ஆண்டில்தான் கிடைத்தது என்றால் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம். அதை வங்கி வைப்புத்தொகையே தந்திருக்கும், காலிமனை வரியும் கேட்டிருக்காது.

இதைவிட முக்கியமானது அந்தக் 'கேக்கறாங்க'. கேட்பவர் அச்சாரம் கொடுத்தாரா? சிறிய ஊரில் ஒரு சைட்டுக்கு விலை சொல்வதற்குப் பத்துப் பேர் இருப்பார்கள், பணத்தோடு பதிவு அலுவலகத்துக்கு வருபவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். வெள்ளகோவிலில் முதலீடாக நிலம் வாங்குவது பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: இந்த இடத்தை உண்மையில் பயன்படுத்தப்போகிறவர் யார்? வீடு கட்டிக் குடிபோகிறவரா, தறி ஓட்டுகிறவரா, மாடு மேய்க்கிறவரா, அல்லது நம்மைப்போலவே விலை ஏறும் என்று காத்திருக்கும் இன்னொருவரா? கடைசி ஆள்தான் விடை என்றால் அந்தச் சைட்டை விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

ஊரின் பிழைப்பைப் பார்த்தால் பயன்படுத்துபவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். வெள்ளகோவில் எண்ணெய் ஆலைகளும் விசைத்தறிகளும் முருங்கைக்காய் வியாபாரமும் உள்ள நகராட்சி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சூரியகாந்தி விதை வருகிறது. மேற்கே காங்கயத்தில் அரிசி ஆலை, கொப்பரைக் களம். கிழக்கே கரூரின் ஜவுளி. கோவை திருச்சி தேசிய நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போகிறது. ஆலைக்கும் தறிக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு வேண்டும், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற கிராமத்துக் குடும்பங்கள் ஊருக்குள் ஒரு வீடு தேடுகின்றன, சரக்கு வைக்கக் குடோன் வேண்டும். இந்தத் தேவை உண்மையானது, ஆனால் அளவுள்ளது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, வண்ணக் கொடி கட்டி, வளைவு வைத்து, கல் நட்டுப் போட்டிருக்கும் மனைப்பிரிவுகள் அந்தத் தேவையை எப்போதோ தாண்டிவிட்டன. கொடி கிழிந்து, கல்லை மறைத்துச் சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கும் மனைப்பிரிவுகளில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், குடியிருப்பவர்தான் இல்லை.

ஆகவே சைட் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த மனைப்பிரிவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்பதை. அதற்குப் பிறகுதான் அங்கீகாரம். இதில் 2016 ஒரு பெரிய கோடு. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதுவரை கொங்கு நாட்டுக் கிராமங்களில் ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தை 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்பது சாதாரணம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறையுடையது, ஊராட்சித் தலைவருக்கு அது கிடையாது. தடையில் மாட்டிய பல்லாயிரம் குடும்பங்களுக்காக 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் விற்கப்பட்ட மனைகளுக்கே அந்தச் சலுகை. இன்று பழைய மனை ஒன்றை மறுவிற்பனையில் வாங்குபவர் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. ஆணை இல்லாத மனையில் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் அலைச்சல்தான்.

புது மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சில் 'ரேரா'. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பவர் தமிழ்நாடு ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே கொடுக்கலாம். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டரை சென்ட்கூட இல்லை. ஆகவே சாலையோரத்தில் கொடி கட்டிய மனைப்பிரிவு ஏறக்குறைய எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எழுத்துப்பூர்வமான, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். மாதத் தவணை கட்டு, கடைசியில் கிரயம் என்று சொல்பவரிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நிலத்தின் பெயரால் தவணை வசூலித்த பிஏசிஎல் நிறுவனம் திரட்டிய தொகை 49,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைத் திருப்பித் தரச் சொல்லி பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2014இல் உத்தரவிட்டது. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டம் சரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு 'உறுதியான லாபம்' என்ற சொல்லைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சைட்டைவிட இந்தப் பகுதியில் ஆழமான விஷயம் பூமி. தோட்டம், மானாவாரிக் காடு, கொரங்காடு என்று மூன்றும் மூன்று வகை முதலீடு, விலையும் வேறு, சிக்கலும் வேறு.

தோட்டம் என்றால் தண்ணீர். விற்பவர் "கிணறு இருக்குதுங்க, பிஏபி பாசனமும் உண்டுங்க" என்பார். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வெள்ளகோவில் கிளைக் கால்வாய் கடைமடை. முறைப்படி வரவேண்டிய நாளில் தண்ணீர் வந்து சேரவில்லை என்று காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்ததெல்லாம் பத்திரிகைச் செய்தி. பக்கத்திலேயே இருக்கும் வட்டமலைக்கரை ஓடை அணை ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. ஆகவே பாசனம் 'உண்டு' என்பதைப் பத்திரத்தில் பார்த்தால் போதாது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கோடையில் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கும் என்று கேட்க வேண்டும். அவர் விற்பவருக்குப் பங்காளியாகவோ பகையாளியாகவோ இருக்கலாம், இரண்டையும் கழித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

கிணற்றில் பங்கு என்பது இன்னொரு உலகம். நான்கில் ஒரு பங்கு கிணறு, முறை வைத்து இறைக்கும் பாத்தியம், இலவச மின் இணைப்பில் பங்கு, பைப் லைன் போகும் வழி என எல்லாம் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வரி வரியாக எழுதியிருக்கும். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். வெளியூரிலிருந்து வாங்க வருபவர் ஏக்கர் விலையைப் பேசி முடித்துவிட்டு, பிறகுதான் மோட்டார் போட நாலு பேரிடம் கேட்க வேண்டும் என்று அறிவார்.

தடமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் வண்டி போய்க்கொண்டேதான் இருக்கும், யாரும் தடுத்ததில்லை. ஆனால் அது புலப்பட வரைபடத்தில் பாதையாக இருக்கிறதா, கிராமக் கணக்கில் புறம்போக்கா, அல்லது பக்கத்துக்காரர் பட்டாவுக்குள் மாமூலாகப் போய்வருவதா? மாமூல் தடம் என்றால் உங்கள் பத்திரத்தில் அந்தப் பாத்தியம் எழுதப்பட்டிருக்க வேண்டும், அது மூலப் பத்திரத்திலும் இருக்க வேண்டும். தடமில்லாத இரண்டு ஏக்கர் அடிமாட்டு விலைக்கு வருகிறது என்றால், அதே காரணத்துக்காக நீங்களும் அதை அடிமாட்டு விலைக்குத்தான் விற்பீர்கள். அதை நல்ல விலைக்கு வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்: பக்கத்து நிலத்துக்காரர்.

இனி கொரங்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கயம் மாடு வளர்ந்த மேய்ச்சல் நிலம் இது. ஆண்டுக் குத்தகைக்கு விட்டால் வருமானம் வரும், விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனாலும் இதற்குச் சில ஆண்டுகளாகப் புதுக் கிராக்கி. தாராபுரம், காங்கயம் வட்டாரத்தில் காற்றாலைகள் முன்பே உண்டு. இப்போது சூரிய மின்நிலையங்களும் தண்ணீர் தேவையில்லாத மேட்டு நிலத்தைத் தேடுகின்றன. 'சோலார் கம்பெனி வருது' என்பதை நம்பி இரண்டு ஏக்கர் வாங்கிப் போடுகிற புதியவர்களைப் பார்க்கிறோம். கம்பெனிக்கு வேண்டியது துணை மின்நிலையத்துக்கு அருகே பெரிய, தொடர்ச்சியான பரப்பு. நடுவே ஒரு துண்டு வைத்திருப்பவருக்கு ஒருவேளை அதிர்ஷ்டம் அடிக்கலாம், ஓரத்தில் வைத்திருப்பவருக்கு வேலியைத் தாண்டி பேனல்களைப் பார்க்கும் பாக்கியம்தான் கிடைக்கும்.

மின்சாரம் நிலத்தின் விலையை ஏற்றுவது மட்டுமல்ல, இறக்கவும் செய்யும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் பாதையும், அதிலிருந்து பிரியும் உயர்மின் கோபுரங்களும் கொங்கு மாவட்டங்களில் ஏன் அத்தனை போராட்டத்தைக் கிளப்பின? கம்பிக்குக் கீழே நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. எரிபொருள் குழாய்க்கும் அதே நிலைதான். இருகூரிலிருந்து முத்தூர் வரை விளைநிலத்தில் குழாய் போட்ட பாதையில் மறுபடியும் ஒன்று வேண்டாம், சாலையோரமாகக் கொண்டு போங்கள் என்று விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். முத்தூர் வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊர். குழாய் பதித்த பட்டையில் கட்டடம், கிணறு, மரம் மூன்றும் கூடாது என்பது 1962ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பயன்பாட்டு உரிமை அரசிதழில் வெளியாகும், வில்லங்கச் சான்றிதழில் தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. நிலத்தில் இறங்கி நடந்தால் அடையாளக் கல் கண்ணில் படும்.

விவசாய நிலத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குள் இருக்கும் வெள்ளகோவில் போன்ற ஊருக்கு அந்தத் தூரம் நேர்கோட்டில் 2 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். துபாயிலோ அமெரிக்காவிலோ குடியேறிவிட்ட மகன் பெயரில் வாங்க மட்டும் அன்னியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. திருப்பூர், கோவை வீடுகளில் பலரும் இதைக் கிரயத்துக்கு முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

காகிதம் பற்றிப் பேசாமல் நகர முடியாது. வெள்ளகோவில் பகுதி நிலத்தின் பழைய பத்திரங்களை வரிசையாக அடுக்கினால் கோயம்புத்தூர் மாவட்டம், 1979க்குப் பிறகு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு, 2009 முதல் திருப்பூர் என்று ஒரே காடு நான்கு மாவட்டப் பெயர்களில் இருந்திருக்கும். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்களின் உட்பிரிவுகள் மாறின. பரப்புப் பிழைகளும் பெயர்ப் பிழைகளும் அப்போது ஏறியவை பல. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்காதவர் பாதி வரலாற்றைத்தான் பார்த்திருக்கிறார்.

பதிவாகிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, மிகத் தவறானதும்கூட. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்று 2025இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டாவும் வரி வசூலுக்கான கணக்கு, உரிமையின் இறுதிச் சான்று அல்ல. உரிமையை வாங்குபவர்தான், தன் வக்கீலை வைத்துத் தேட வேண்டும். விற்பவரின் வக்கீல் கொடுத்த கருத்துரை எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்திருந்தாலும் அது விற்பவரின் காகிதம்.

கொங்குக் குடும்பங்களில் உரிமை அறுந்துபோவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: பெண்மக்கள் கையெழுத்து. "பொண்ணுகளுக்குச் சீரு செஞ்சாச்சுங்க, அவங்க வரமாட்டாங்க" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கிரயம் கொடுப்பார்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989லேயே வந்தது, அப்போது மணமாகாதவர்களுக்கு மட்டும். 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம், 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அந்த உரிமை விரிந்து, மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. சீர் செய்தது பங்கைக் கழிக்காது. கட்டிக்கொடுத்த அக்கா தங்கை எல்லோரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முன்பே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். பங்குதாரரில் மைனர் இருந்து நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால், அவர் வயதுக்கு வந்தபின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பவர் வாங்கியவரிடம் வாங்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது மரியாதைக்குறைவல்ல. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு சொத்து தனதென்று சொல்ல முடியாது என்று 2011லேயே தீர்ப்பு வந்தாயிற்று.

அடுத்தது பணம். பத்து லட்சம் கொடுத்து நான்கு லட்சம் காட்டுவது இங்கே நாணயமான ஆட்கள்கூடச் செய்வது. இதைச் சட்டமாகப் பார்ப்பதற்கு முன் வெறும் கணக்காகப் பாருங்கள். மறைத்த ஆறு லட்சத்துக்கு 9 சதவீதம் 54,000 ரூபாய் மிச்சம். நாளைக்கு வாங்க வருபவர் வங்கிக் கடனோடு வந்து முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் சொன்னால் அதே ஆறு லட்சம் உங்கள் லாபக் கணக்கில் ஏறும், 12.5 சதவீத வரி 75,000. மிச்சம் பிடித்தது போக 21,000 நஷ்டம். அதற்குப் பயந்து முழு விலை எழுத மறுத்தால் கடன் வாங்கி வருபவர், அதாவது வீடு கட்டிக் குடிபோகிற நல்ல வாங்குநர், விலகிவிடுவார். போதாததற்கு நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். இன்னொன்று, 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

கடன் வாங்கி நிலம் வாங்குவது பற்றி: வங்கி விவசாய நிலத்துக்கு வீட்டுக்கடன் தராது, காலி மனைக்குத் தந்தாலும் வீடு கட்டும் நிபந்தனை இருக்கும். மீதிக்குப் பைனான்ஸில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குகிறார்கள். அது ஆண்டுக்கு 24 சதவீதம். நான்கு ஆண்டு சொச்சத்தில் வட்டி அசலைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் விலை ஏறிய சைட் ஒன்றிரண்டு இருக்கலாம், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தெரிந்தவர் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையில் இருக்கமாட்டார்.

வாடகைக்கு விடும் கட்டடத்தை இந்தப் பகுதியில் முதலீடு என்றே பலர் நினைப்பதில்லை. எனக்கோ தொடங்குபவருக்கு ஏற்றது அதுதான் என்று படுகிறது. ஊருக்குள் ஐந்து சென்டில் மூன்று லைன் வீடு, அல்லது லாரி திரும்ப இடமுள்ள ஒரு குடோன், அல்லது மும்முனை மின் இணைப்போடு ஒரு தறி செட். பயன்படுத்துபவர் மாதாமாதம் பணம் கொடுத்துத் தன்னை நிரூபிக்கிறார். வாடகை வராவிட்டால் இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். சைட் தவறு என்றால் தெரிய பத்து ஆண்டு ஆகும். சிரமம் இல்லாமல் இல்லை. ஜவுளி மந்தமானால் தறி செட் காலியாகும், குடிவைத்தவருக்குக் குழாய் அடைத்தால் உங்களைத்தான் கூப்பிடுவார். போட்ட பணத்தோடு பார்த்தால் வீட்டு வாடகை ஆண்டுக்கு நான்கு சதவீதத்தைத் தாண்டுவது அரிது, குடோன் சற்று மேல். மீதி லாபம் அடிநிலத்தின் விலையில் வர வேண்டும், ஊருக்குள் இருக்கும் நிலத்துக்கு அது வருகிறது.

கோவையில் அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே என்பார்கள். கட்டிமுடிக்காத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, கட்டிமுடித்து நிறைவுச் சான்று பெற்றதற்கு இல்லை. நிலத்தில் பிரிக்கப்படாத பங்குதான் உங்களுடையது. கட்டடம் பழசாகும், அந்தப் பங்குதான் விலை ஏறும். பங்கு எத்தனை சதுர அடி என்று கேட்காமல் நீச்சல் குளத்தைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம்.

இதற்கெல்லாம் காசு போதாதவருக்கு 2019 முதல் இன்னொரு வழி இருக்கிறது: ரீட், அதாவது பலரின் பணத்தில் கட்டடங்களை வைத்திருந்து வாடகையைப் பிரித்துத் தரும் முதலீட்டு அறக்கட்டளை. பெங்களூரு அலுவலக வளாகங்களை வைத்திருக்கும் எம்பசி ரீட் அந்த ஆண்டு ஏப்ரலில் பங்குச்சந்தையில் பட்டியலானது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்ட், வணிக வளாகங்களுக்கான நெக்சஸ் என்று வரிசை நீண்டது. சென்னை வடபழனியின் விஜயா மாலில் கடைக்காரர் கொடுக்கும் வாடகையில் ஒரு துளி நெக்சஸ் யூனிட் வைத்திருப்பவருக்கும் வரும். பகிரத்தக்க வருவாயில் 90 சதவீதத்தைக் கட்டாயம் பிரித்துத் தர வேண்டும் என்பது செபி விதி, ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், வேண்டாம் என்றால் சந்தை நாளில் விற்றுவிடலாம். இதில் தடம் கேட்க வேண்டாம், அக்கா தங்கை கையெழுத்து வேண்டாம். யூனிட் விலை தினமும் திரையில் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய சைட்டின் விலையும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது, யாரும் அதைத் திரையில் போடுவதில்லை.

பணம் சேரும் இரண்டு மூன்று ஆண்டை ரீட்டிலோ வைப்புத்தொகையிலோ கழித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றி நடந்து விலை கேட்டு வைப்பதுதான் தொடங்குபவருக்கு நான் சொல்லக்கூடிய வரிசை. கேட்ட விலையை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அதே சர்வே எண்ணுக்குக் கடைசியாக நடந்த கிரயத்தின் தொகையையும் வில்லங்கத்தில் பார்த்து எழுத வேண்டும். அதில் காட்டாத பணம் விட்டுப்போயிருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் வில்லங்கம் தொகையைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்லும்: எந்தத் தெருவில் ஆண்டுக்கு எத்தனை கிரயம் நடக்கிறது, எந்த மனைப்பிரிவில் ஐந்து ஆண்டாக ஒன்றுகூட நடக்கவில்லை என்பதை.